அரை இஞ்சு குறைந்த காலர்

என் அன்பு மாப்பிள்ளை வைத்திலிங்கத்துக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தமிழ்ப் பேப்பர் வருமா என்று தெரியவில்லை. வந்தால், இந்தப் பக்கத்தில் யாராவது வடை மடிப்பதற்குள் படித்துவிடு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்கு மேல் என்னைச் சேர்த்தால் பள்ளிக்கூடத்துக்குத்தான் கெட்ட பெயர் என்று வாத்தியாரே சொன்னார். ஆகவே எழுத்தில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள். சட்டையாக இருந்தால் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன்.

பாக்கியம் நன்றாக இருக்கிறாள். உனக்கு வாழ்க்கைப்பட்டபோது எனக்குத் தங்கையாக இருந்தவள், இப்போது மாமியார் மாதிரி ஆகிவிட்டாள். காலையில் அவள் திட்டு விழாவிட்டால் எனக்குக் காப்பி இறங்குவதில்லை. காஜா பேராங் ரோட்டில் என் தையல் கடை அதே இடத்தில் இருக்கிறது. மெஷின் தேயவில்லை, நான்தான் தேய்ந்துவிட்டேன். வெள்ளைக்காரன் சீக்கிரம் கிளம்பிவிடுவான் என்று ஊரெல்லாம் பேச்சு.

என் மூத்தவள் சரோஜாவுக்குப் பத்தொன்பது. உன் தோளில் உட்கார்ந்து, உன் இரண்டு காதையும் பிடித்துச் சைக்கிள் ஓட்டியவள். அவளைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். வந்தது யார் தெரியுமா? அடுத்த கடைக்காரன், சைக்கிள் கடை மாணிக்கம். தன் மூத்த மகனுக்குக் கேட்கிறான். சரோஜாவுக்கும் சம்மதம்தான். வாயால் சொல்லவில்லை, அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் தலையைச் சரிசெய்துகொண்டு போகிறாள்.

ஆனால் மாணிக்கத்துக்கு இந்த ஊர் வேறு பெயர் வைத்திருக்கிறது. நீ போன பிறகு வைத்தது. காட்டிக் கொடுத்த மாணிக்கம். உன்னை ஜப்பான்காரனிடம் காட்டிக் கொடுத்தவன் அவன்தான் என்று பன்னிரண்டு வருடமாக எல்லோரும் நம்புகிறார்கள். பாக்கியமும் நம்பினாள்.

மாப்பிள்ளை, அது அவன் இல்லை. நான்.

இதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பேப்பரில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன், கூட இருந்து கேள். நடுவில் நான் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தால் ஒரு தும்மல் போடு.

சண்டைக்கு முன்னால் புக்கிட் பாருவில் ஒரு ஜெர்மன் டாக்டர் குடியிருந்தார். யூதர். தன் நாட்டில் உயிரோடு இருக்க முடியாமல் ஓடிவந்தவர். அவர் வீட்டுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போன நீ சாயங்காலம் வரை திரும்பவில்லை. பெர்லினில் இருந்து அவர் பெட்டிக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்த ஒரு கட்டுப் படங்களின் முன்னால் உட்கார்ந்துவிட்டாய். முதல் சண்டை முடிந்து அடுத்த சண்டை வருவதற்குள் அவர் ஊர்க்காரர்கள் வரைந்து அச்சுப்போட்ட படங்கள். பிறகு அந்த டாக்டரை வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு போனான். ஜெர்மன்காரனுக்குப் பயந்து ஓடிவந்தவரை, ஜெர்மன்காரர் என்பதற்காகவே பிடித்தார்கள். போகும்போது அந்தக் கட்டை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நீ அதை என் துணி வெட்டுகிற மேசையில் பரப்பினாய். சுட்டுப்போட்ட கூலிக்காரர்களின் பிணங்களுக்கு நடுவே மேசை போட்டு நாலு பேர் விருந்து சாப்பிடுகிறார்கள். கால் இரண்டும் போன சிப்பாய் பலகை வண்டியில் உட்கார்ந்து தொப்பியை நீட்டுகிறான், ஒரு தளபதி அதில் சுருட்டுச் சாம்பலைத் தட்டுகிறார். ஒரு நீதிபதிக்கு வாய் இருக்கவேண்டிய இடத்தில் தபால் பெட்டிக் கீறல்.

“என்னா மாப்பிள்ள இது, அசிங்கமா இருக்கு. சாமி படம் எழுதற கையால இதெல்லாம் தொடலாமா?” என்றேன்.

“அசிங்கம் படத்துல இல்ல மச்சான். கழுத்தப் பாரு. இந்தத் தளபதிக்குக் காலருக்கு வெளிய எப்படி வழியுது பாரு. வரஞ்சவன் இவன் மூஞ்சியப் பார்த்து வரையல, கழுத்தப் பார்த்து வரஞ்சிருக்கான்.”

“அந்தக் காலரத் தச்சவன் என் கூட்டாளியா இருப்பான். அளவே எடுக்கல.”

இப்படி வரைந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று டாக்டரிடம் நீ கேட்டிருந்தாய். முதலில் ராணுவத்தைக் கேலி செய்ததாகக் கோர்ட்டுக்கு இழுத்தார்களாம். பிறகு வந்த ஆட்சிக்குக் கோர்ட்டே தேவைப்படவில்லையாம். படங்களைக் கொளுத்தினார்கள், வரைந்தவர்களைத் தேடினார்கள். ஒரு படத்துக்கா இவ்வளவு என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். அரிசி போய் மரவள்ளி வந்தது. சீனர்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தது லாரி மட்டும். நம் ஆட்களுக்கு அந்தக் கதி வராது என்று கடையில் உட்கார்ந்து விளக்கம் சொன்ன மேதை நான்தான். கொஞ்ச நாளில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டங்களில் அரிசி தருகிறோம் என்று கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். அங்கிருந்து தப்பி வந்த ஒருவன் உன் வீட்டுப் பின்கட்டில் இரண்டு நாள் கிடந்து செத்தான். அவன் கணுக்காலில் புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது. நீ உட்கார்ந்து அந்தக் காலை வரைந்துகொண்டாய். நான் கிணற்றடியில் வாந்தி எடுத்தேன்.

இங்கே ஆள் பிடிக்கிற வேலைக்குத் தலைவன் ஒரு ஜப்பான் அதிகாரி. அவனுக்கு உடுப்புத் தைக்கிற யோகம் எனக்கு. கழுத்து பதினேழரை இஞ்சு. ஊரே வயிறு ஒட்டிக் கிடந்த காலத்தில் அவன் இடுப்பு மாதம் அரை இஞ்சு வளர்ந்தது. அளவை நான் எடுத்துவந்து சொன்னேன், நீ வரைந்தாய். அதிகாரி மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கழுத்து காலருக்கு மேல் வழிகிறது. கோப்பையில் இருந்து குச்சியால் எடுத்து, சீனர் கடைச் சேமியாவான மீ மாதிரி அவன் உறிஞ்சுவது தண்டவாளம். அதற்குக் கீழே ஸ்லீப்பர் கட்டைகளாக வரிசையாகப் படுத்திருப்பது வேட்டி கட்டிய நம் ஆட்கள். எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. படிக்கத் தெரியாத தோட்டத்து ஜனம் பசாருக்கு வந்தால், பார்த்தவுடன் புரியவேண்டும், லாரியில் ஏறக் கூடாது என்று. அது போதும் உனக்கு.

சுவர் முன்னால் நின்று வரைந்தால் பிடிபடுவோம். அதற்குப் போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு வழி இருந்தது. தடித்த காகிதத்தில் படத்தை வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாக ஊசித் துளை போட்டு, சுவரில் வைத்துக் கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் ஒற்றுவது. காகிதத்தை எடுத்தால் படம் புள்ளி புள்ளியாகச் சுவரில் நிற்கும். துளை போடுவது என் பங்கு. துணியில் புள்ளி வைக்கிற என் பல் சக்கரத்தைக் கோட்டின் மேல் ஓட்டினால் போதும். பென்சில் கோட்டை அழித்துவிட்டால் அது வெறும் பழுப்புக் காகிதம். அதைச் சட்டை வெட்டுகிற அளவுக் காகிதங்களோடு சேர்த்து என் கடை ஆணியில் மாட்டிவைத்தோம். யார் பார்த்தாலும் அது கைக்கு, இது முதுகுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசியில் அப்படி நினைத்து ஏமாந்தது நான் ஒருவன்தான்.

மத்தியான வெயிலில் ஊர் கதவைச் சாத்திக்கொள்கிற நேரத்தில் நீ ஏணியும் டின்னுமாகப் போர்டு எழுதப் போகிற மாதிரி கிளம்புவாய். பெண்டஹாரா ரோட்டில் ஒரு சுவர், பசாரில் ஒரு சுவர், லாரி நிற்கிற இடத்தில் ஒன்று. ஒரு படத்துக்குப் பத்து மூச்சு. ஒரு தோட்டத்தில் லாரி வந்தபோது ஆம்பிளைகள் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள் என்று சேதி வந்த அன்று நீ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாய். நான் கனம் என்று கீழே போட்டாய்.

என் தொழிலில் எனக்கு ஒரு திமிர் உண்டு. தைத்த துணியைக் காகிதம் சுற்றாமல் கொடுக்கமாட்டேன். காகிதத்துக்குப் பஞ்சம் வந்தபோது மற்ற தையல்காரர்கள் துணியை அப்படியே கையில் கொடுத்தார்கள். எனக்கு அது ஆளை அம்மணமாக அனுப்புகிற மாதிரி. அன்றைக்கு அதிகாரியின் வெள்ளை உடுப்பை வாங்க அவன் பேச்சை மொழிபெயர்க்கிற துபாஷி வந்தான். நம் ஆள்தான், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவன். அவசரம், சீக்கிரம் என்றான். ஆணியில் இருந்து பழைய முதுகுக் காகிதம் ஒன்றை உருவினேன், உடுப்பைச் சுற்றினேன், சணல் போட்டுக் கட்டினேன். “இந்தக் காலத்துல இப்படி யாரு கட்டித் தருவா, சொல்லுங்க” என்று வேறு கேட்டேன்.

சைக்கிள் கேரியரில் அந்தக் கட்டு குலுங்கிக் குலுங்கிப் போனது. துளைகளில் அடைந்திருந்த கரியெல்லாம் வெள்ளைத் துணியில் இறங்கியது. அதிகாரி பிரித்தபோது, தன் உடுப்பின் முதுகில் தானே உட்கார்ந்து தண்டவாளம் தின்பதைப் பார்த்திருக்கிறான்.

ஒரு மணி நேரத்தில் துபாஷி மூன்று சிப்பாய்களோடு திரும்பி வந்தான். சிப்பாய்கள் மாணிக்கம் கடை முன்னால் சைக்கிளோடு நின்றார்கள். துபாஷி மட்டும் என் கடைக்குள் வந்தான். அவன் வந்துபோவது வழக்கம் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“காகிதம் ஏது?” என்றான்.

நகத்தைப் பிடுங்கியும் வாய் திறக்காதவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். எனக்கு விழுந்தது ஒரே அறை. அதுவும் இடது கையால். “வேஸ்டு காகிதம் சார், போர்டு எழுதற வைத்திலிங்கம்னு ஒரு ஆளு குடுப்பாரு, எனக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வீடு எங்கே என்று கேட்டான். தெருவை மட்டும்தான் கேட்டான், பம்படிக்கு எதிரே நீலக் கதவு என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். என் தங்கை புருஷன் என்று மட்டும் சொல்லவில்லை. அது உன்னைக் காப்பாற்ற இல்லை.

வெளியே போன துபாஷி, டயரில் காற்றுக் குறைவு என்று மாணிக்கத்திடம் பேசிக்கொண்டு நின்றான். மாணிக்கம் காற்றடித்தான், கும்பிட்டான். அங்கிருந்து அவர்கள் நேராக உன் வீட்டுக்குப் போனார்கள். எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்தது அதைத்தான்.

உன்னை உள்ளே வைத்து என்ன செய்தார்கள் என்று உன் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். வயிறு புடைக்கத் தண்ணீர் ஊற்றி, மேலே பலகை வைத்து ஏறி மிதித்திருக்கிறார்கள். வலது கை விரல் ஐந்தும் ஐந்து பக்கம் திரும்பியிருந்தன. மூன்றாம் நாள் பசார் முனையில் விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். கழுத்தில் அந்தக் காகிதம். ஊர் முழுக்க வரிசையில் வந்து உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களுக்குத் துப்பாக்கிக் கட்டையால் விழுந்தது. பாக்கியத்தை உனக்கு எதிரே வெயிலில் முட்டி போட வைத்தார்கள்.

எனக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். கெட்டுப்போன உடுப்புக்குப் பதில் புதியது, இரண்டு நாளில். உன்னை உள்ளே மிதித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பொத்தான் துளை எடுத்துக்கொண்டிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் முறை வந்தது. உன் முகத்தில் கண் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. ஒன்று திறந்தது. என்னைப் பார்த்தது, எனக்குப் பின்னால் அவனைப் பார்த்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மச்சான்… கழுத்தப் பாரு” என்றாய்.

திரும்பிப் பார்த்தேன். காலர் அரை இஞ்சு குறைவு. கழுத்து இரண்டு பக்கமும் பிதுங்கி, சிவந்து, அந்த ஜெர்மன் படத்தில் இருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தான். நீ சிரித்தாய் என்று நினைக்கிறேன். இல்லை, வாயில் இருந்து ரத்தம் வழிந்ததைத்தான் நான் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேனா?

வேண்டுமென்றே குறைத்துத் தைத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நீ தும்முவாய். கத்திரி பிடித்த கை நடுங்கியது, அதுதான் நடந்தது. நீ மட்டும் அதை வீரம் என்று நினைத்துக்கொண்டு போனாயா? துளை போட்டது யார் என்று உன் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தடவை கேட்டிருப்பார்கள். நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய். அதற்குப் பிறகும் ஒரு சிப்பாய் உன்னை இரண்டு அடி அடித்தான். தலை தொங்கியது அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. டாக்டரின் படங்களைப் பாக்கியம் அடுப்பில் போட்டாள். தளபதிகளும் நீதிபதிகளும் எரிந்து மரவள்ளி வெந்தது.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு, வெள்ளைக்காரன் வந்து சேர்வதற்குள் சில நாள் இந்த ஊரைக் கேட்க ஆள் இல்லை. துபாஷி ஓடிவிட்டான். கைக்குக் கிடைத்தவன் மாணிக்கம். அவனைக் கடையில் இருந்து தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தார்கள்.

“ரெங்கசாமி, உன் தங்கச்சி தாலிய அறுத்தவன் இவன். மொத அடி உன்னுது” என்றது கூட்டம்.

மாணிக்கம் என்னைப் பார்த்தான். “ரெங்கண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே.”

அவன் காற்றடித்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன். நான் அவனை அறைந்தேன். வலது கையால், முழு பலத்தோடு.

அதற்காகவே காத்திருந்த மாதிரி மற்றவர்கள் விழுந்தார்கள். சைக்கிள் செயினால் அடித்தார்கள். அவன் காற்றடிக்கிற இரும்புப் பம்ப்பை எடுத்து அவன் வலது தோளை உடைத்தார்கள். எலும்பு உடைகிற சத்தம் மரக்கிளை உடைகிற மாதிரி இல்லை, ஈரமாக இருந்தது. பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாயே பேச்சாகிப்போன செட்டி கம்பத்துக்காரர் ஒருவர் நடுவில் புகுந்து, போதும், செத்துவிடுவான் என்று மலாயில் கெஞ்சினார். தமிழே தெரியாத மனிதர். மாணிக்கம் தமிழில் கத்தியது அவருக்குத்தான் புரிந்தது.

அந்தப் படங்களில் தளபதிகள் நடுவில் இருப்பார்கள். ஓரத்தில் சின்ன ஆட்கள் நிற்பார்கள். கடைக்காரன், கணக்கெழுதுகிற கிராணி, குடை பிடித்தவன். அவர்களுக்கும் அதே பல், அதே கண். இந்தச் சின்ன ஆளுங்க என்னா தப்புப் பண்ணாங்க, இவங்கள ஏன் இவ்வளவு அசிங்கமா போட்டிருக்கான் என்று உன்னிடம் கேட்டேன். நீ பிரஷைக் கழுவப் போய்விட்டாய். மாணிக்கத்தை அறைந்த அன்றைக்கு எரிகிற உள்ளங்கையோடு நின்றபோது எனக்கு விடை கிடைத்தது.

மாணிக்கம் பிழைத்துக்கொண்டான். வலது கை நெஞ்சுக்கு மேல் எழாது. அடுத்த கடையிலேயே இத்தனை வருடம் இருந்தான், மலாய்க்காரர்களும் சீனர்களும் சைக்கிள் கொண்டுவந்தார்கள். அவன் போட வசதியாக முன்பக்கம் முழுக்கத் திறக்கிற சட்டை நான் சும்மா தைத்துக் கொடுத்தேன். துரோகிக்குக்கூட இரங்குகிற மனசு என்று ஊர் பாராட்டியது. நான் தலையை ஆட்டினேன், மாப்பிள்ளை. தலையை ஆட்டினேன்.

பெண் கேட்க வந்த அன்று அவன் முக்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“பையனுக்கு யாரும் பொண்ணு தர மாட்டேங்கறாங்கண்ணே. செத்தவரோட மச்சினர் வீட்டுலயே சம்பந்தம்னா ஊரு வாய மூடும்.”

“நீ காட்டிக் குடுக்கலன்னு ஒரு தடவையாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே, மாணிக்கம்” என்று கேட்டேன். எந்த முகத்தோடு கேட்டேன் என்று கேட்காதே.

“ஒருத்தர்கிட்ட சொல்லப் போனேன். அறைஞ்சாரு. அதோட விட்டுட்டேன்” என்று சிரித்தான்.

அவனுக்குத் தெரியுமா? தெரிந்துதான் என் வீட்டுக்கு வந்தானா? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாக்கியத்திடம் போய்ச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுத்தீன்னா, சரோஜாவுக்கு அத்தையும் செத்துட்டான்னு வச்சிக்க” என்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதம், துபாஷி, நீலக் கதவு. அவள் கை நிற்கவில்லை. கடைசித் தண்டு வரைக்கும் ஆய்ந்து முடித்தாள்.

“அந்த உடுப்பு நீ தச்சதுன்னு தெரியும்ணே. முட்டி போட்டு அதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். பயந்து தச்சிருப்பன்னு விட்டேன். இது தெரியாது.”

கீரை முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, “மாணிக்கத்த அடிச்சப்ப நானும் அங்க நின்னேன். இன்னும் போடுங்கன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன்” என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. “என்கிட்ட அழுது என்னா ஆவப்போவுது? எங்க அடிச்சியோ அங்க போயி சொல்லு. நானும் வரேன். எனக்கும் மாணிக்கத்துகிட்ட சொல்ல வேண்டியது இருக்கு.”

அதனால்தான் இந்தக் கடிதம் பேப்பரில் வருகிறது. எனக்குக் கண் மங்கிவிட்டதால் தினமும் பேப்பரை வாசித்துக் காட்டுகிறவள் சரோஜா. இதையும் அவள்தான் வாசிப்பாள். எந்த வரியில் நிறுத்துவாள்? இதற்குப் பிறகு மாணிக்கம் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றால், அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவாளா? தெரியாமல்தான் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, பசாருக்குப் போகிற ஜனம் ரோட்டில் நிறைந்திருக்கும்போது, நானும் பாக்கியமும் சைக்கிள் கடை வாசலில் நிற்போம். நான் கட்டிய காகிதம், நான் சொன்ன பெயர், நான் அடித்த அடி, மூன்றையும் எதிர்ச்சாரிக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன். அவனுக்கு என்னை அறையவேண்டும் என்று தோன்றினால், அந்தக் கை என் முகம் வரைக்கும் எழாது. நான் குனிந்து கொடுப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பாக்கியத்துக்கு அண்ணன்,
உனக்கு மச்சான்,
காஜா பேராங் டெய்லர் ரெங்கசாமி